சுமை இறங்கிய தோள்: அமெரிக்க இளையோர் கால்பந்தின் கட்டண வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு சிறுவனோ சிறுமியோ கால்பந்தை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமானால், பயிற்றுநரின் சம்பளம் முதல் மைதான வாடகை வரை அத்தனைக்கும் பெற்றோரே பணம் கட்ட வேண்டும் என்ற நடைமுறை இன்று ஆழமாக வேரூன்றி நிற்கிறது. 'பே டு பிளே', அதாவது பணம் கட்டினால்தான் ஆட்டம், என்று அங்கு வழங்கும் இந்த ஏற்பாட்டைச் சந்தைப் பொருளாதாரத்தின் தவிர்க்க முடியாத விளைவாகக் கருதுவோர் பலர். வரலாறு அந்தக் கருத்துக்கு ஆதரவாக இல்லை. நூறாண்டுகளுக்கு முன்னர் அதே நாட்டில் இந்த ஆட்டம் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டமாக இருந்தது. அதற்கான செலவை ஆலை முதலாளியோ, தேவாலயமோ, நகராட்சியோ, பள்ளிக்கூடமோ ஏற்றுக்கொண்டது. இந்த அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தோ விலகியோ போனபோது, அவை இறக்கிவைத்த சுமையை எடுக்க வேறெவரும் முன்வராததால் அது குடும்பத்தின் தோளில் வந்து இறங்கியது. இந்த இறக்கத்தின் ஒவ்வொரு படியிலும் யாரோ எடுத்த முடிவு ஒன்று இருக்கிறது.

தொடக்கம் நூல் ஆலைகளில். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரைச் சேர்ந்த கிளார்க் நூல் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூ ஜெர்சி மாநிலத்தில், கியர்னி என்ற சிற்றூரை ஒட்டித் தன் ஆலைகளை நிறுவியபோது, தறியும் கதிரும் அறிந்த தொழிலாளர்களோடு அவர்களுடைய ஆட்டமும் கடல் கடந்து வந்து சேர்ந்தது. நிறுவனத்தின் தையல்நூலுக்கு இட்டிருந்த வணிகப் பெயரான ஓ.என்.டி. என்பதையே தன் பெயராகக் கொண்ட ஆலை அணி, 1885இல் முதல் அமெரிக்கக் கோப்பையை வென்றது. பென்சில்வேனியாவில் பெத்லகேம் எஃகு நிறுவனத்தின் அணி 1915க்கும் 1926க்கும் இடையில் ஐந்து முறை தேசியக் கோப்பையைக் கைப்பற்றியது. இவை பெரியவர்களின் அணிகளே என்றாலும், ஆலை வாசலில் ஓர் அணி இருக்கும் ஊரில் பிள்ளைகளுக்குத் தனியாகப் பயிற்சிக்கூடம் தேவைப்படவில்லை. வெற்று மனைகளிலும் தெருக்களிலும் தந்தையரையும் மாமன்மாரையும் பார்த்தே அவர்கள் கற்றார்கள். கியர்னியில் இந்த மரபு ஆலைகள் மூடிய பின்னரும் தொடர்ந்ததால்தான், நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் 1990இல் உலகக் கோப்பைக்குச் சென்ற அமெரிக்க அணியில் ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா, டாப் ராமோஸ் ஆகிய மூவரும் அந்த ஒரே வட்டாரத்திலிருந்து வந்தவர்களாக இருந்தார்கள்.

ஆலையைவிட உறுதியான அடித்தளம் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் அமைந்தது. அங்கு செலவை ஏற்றது கத்தோலிக்கத் திருச்சபையின் 'பங்கு' என்னும் அமைப்பு. ஒரு தேவாலயத்தையும் அதைச் சுற்றி வாழும் குடும்பங்களையும் சேர்த்த நிர்வாக அலகை இச்சொல் குறிக்கும். பங்குப் பள்ளிகள் அணிகளை அமைத்தன. கத்தோலிக்க இளையோர் மன்றம் அந்த அணிகளை இணைத்து லீக் போட்டிகளை நடத்தியது. பங்கைச் சேர்ந்த ஆடவர்கள் வேலை முடிந்த மாலைகளில் ஊதியமின்றிப் பயிற்சி அளித்தார்கள். நகரப் பூங்காக்கள் மைதானங்களாயின. 1950 ஜூன் 29 அன்று பிரேசிலின் பெலோ ஒரிசோன்டே நகரில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் இங்கிலாந்தை 1-0 என்ற கணக்கில் வீழ்த்திய அமெரிக்க அணியின் பதினொருவரில் ஐவர் செயின்ட் லூயிஸ்காரர்கள். அவர்களுள் நால்வர் 'தி ஹில்' எனப்படும் இத்தாலியக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். கோல்காப்பாளர் ஃபிராங்க் போர்கி சவ ஊர்தி ஓட்டிப் பிழைத்தவர். தற்காப்பு வீரர் ஹாரி கியோ அஞ்சல் துறை ஊழியர்.

பங்கிலிருந்து பல்கலைக்கழகம் வரை நீண்ட அந்தப் பாதையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். இளையோர் மன்றத்தை நிர்வகித்த பாப் குவெல்கர் என்பவரே 1950களின் இறுதியில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியைத் தொடங்கினார். தம் லீக்கில் ஆடிய உள்ளூர்ப் பையன்களைக் கொண்டே அதை நிரப்பினார். அந்த அணி 1959இல் நடந்த முதல் தேசியக் கல்லூரிச் சாம்பியன் போட்டியை வென்றதோடு, 1973 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் மொத்தம் பத்துப் பட்டங்களைப் பெற்றது. அவற்றில் பிற்பாதியை வென்றுகொடுத்த பயிற்றுநர் 1950ஆம் ஆண்டு அணியில் ஆடிய அதே ஹாரி கியோ. நாட்டின் மிக வெற்றிகரமான கல்லூரி அணி, ஏறத்தாழ முழுக்க ஒரே நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளால், அந்தக் குடும்பங்களின் பணப்பையைத் தொடாமலே உருவானது என்பது பிற்கால விவாதங்களில் போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை. ஆனால் இந்த ஏற்பாடு ஒரு நகரத்தின் குடியிருப்பு அமைப்பை நம்பியிருந்தது. போருக்குப் பின் குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தபோது, பங்குகளின் பிடி தளரத் தொடங்கியது.

புறநகரில் ஆட்டத்தை ஏற்றுக் காத்தவர்கள் பெற்றோர்கள். இதற்கான வார்ப்பு கால்பந்திற்கு வெளியே முன்னரே தயாராக இருந்தது: சிறு பிள்ளைகளைப் போட்டிகளில் ஈடுபடுத்துவது அவர்களுடைய உடலுக்கும் மனத்துக்கும் கேடு என்ற கருத்து 1930களில் உடற்கல்வியாளரிடையே வலுப்பெற்றதால் தொடக்கப் பள்ளிகள் போட்டிகளிலிருந்து ஒதுங்கிக்கொள்ள, அந்த வெற்றிடத்தில் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் 1939இல் தொடங்கிய 'லிட்டில் லீக்' பேஸ்பால் போன்ற தன்னார்வ அமைப்புகள் எழுந்திருந்தன. அதே வார்ப்பில் 1964இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் ஒன்பது அணிகளோடு பிறந்ததுதான் 'ஆய்சோ' என்று சுருக்கி அழைக்கப்படும் அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு. எல்லாரும் ஆட வேண்டும் என்பது அதன் முதல் விதி; ஒவ்வொரு பிள்ளையும் ஆட்டத்தின் பாதி நேரமாவது களத்தில் இருந்தாக வேண்டும். திறமை சமமாகப் பரவும்படி ஆண்டுதோறும் அணிகளைக் கலைத்துச் சேர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. பயிற்றுநர், நடுவர், கணக்காளர் அனைவரும் பெற்றோரே ஆதலால் கட்டணம் சட்டைக்கும் காப்பீட்டுக்கும் ஆகும் அளவிலேயே நின்றது. தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் 1974இல் இளையோருக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பிள்ளைகளின் பதிவோடு தொடங்கிய அப்பிரிவில், கால் நூற்றாண்டுக்குள் ஆண்டுதோறும் பதிவு செய்வோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தொட்டது.

இந்த வளர்ச்சியின் உள்ளேயே விரிசலும் இருந்தது. அணிகளைச் சமன்செய்யும் விதி நல்லதோர் அறத்தைக் கொண்டிருந்தாலும், ஆட்டத்தில் ஆழ்ந்துவிட்ட பிள்ளைக்குத் தன்னை ஒத்த திறமையாளரோடு சேர்ந்து ஆடும் வாய்ப்பை அது மறுத்தது. கால்பந்து ஆடியே இராத தந்தையர் கற்றுக்கொடுக்க முடிந்ததற்கும் ஓர் எல்லை இருந்தது. எனவே 1970களிலிருந்து, தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, வெளியூர் அணிகளோடு மோத விடும் 'பயண அணிகள்' பெருகின. அவற்றுக்குத் தொழில்முறைப் பயிற்றுநர்கள் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவையை நிறைவு செய்யும் ஆட்கள் அதே காலத்தில் சந்தைக்கு வந்தார்கள். பெலேவை 1975இல் நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு அழைத்துவந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த வட அமெரிக்கக் கால்பந்து லீக், 1984ஆம் ஆண்டுப் பருவத்தோடு மூச்சை நிறுத்தியது. அதில் ஆடிய வெளிநாட்டு வீரர்களும் உள்நாட்டு வீரர்களும் பலர் கோடை முகாம்களையும் இளையோர் கிளப்புகளையும் நடத்திப் பிழைப்புத் தேடினார்கள். உலகின் பிற நாடுகள் பலவற்றில் தொழில்முறை லீக் தன் வருவாயில் ஒரு பகுதியை இளையோர் பயிற்சிக்கு அளித்துவந்தது. அமெரிக்காவிலோ லீக் செத்து, அதன் வீரர்களின் வாழ்வாதாரமாக இளையோர் பயிற்சி மாறியது. பணம் பாயும் திசை தலைகீழானது இங்குதான்.

அரசின் பக்கமிருந்தும் தாங்குதல் இல்லை. அமெரிக்காவில் விளையாட்டு அமைச்சகம் என ஒன்று கிடையாது; 1978ஆம் ஆண்டின் அமெச்சூர் விளையாட்டுச் சட்டம் ஒவ்வொரு விளையாட்டின் நிர்வாகத்தையும் அதற்கான தேசிய அமைப்பிடம் ஒப்படைத்ததே அல்லாமல், அடித்தளப் பயிற்சிக்கெனத் தொடர்ந்து வரும் நிதி எதையும் ஏற்படுத்தவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 'முன்மொழிவு 13' என்னும் சட்டத் திருத்தம், சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் கட்டிப்போட்டது. நகராட்சிகளின் முதன்மை வருவாய் சுருங்கியதும் பூங்காத் துறைகள் இலவசத் திட்டங்களைக் குறைத்து, மைதானத்தைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கின. வரி கட்டுவோர் அனைவரும் பகிர்ந்து சுமந்த ஒரு செலவு, ஆடும் பிள்ளையின் வீட்டுச் செலவாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இவ்வாறு உருவான கட்டணப் பட்டியல் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தால்தான் சுமையின் உருவம் விளங்கும். கிளப்புகள் பெரும்பாலும் லாப நோக்கற்ற அமைப்புகளாகப் பதிவு பெற்றவை. பெற்றோரைக் கொண்ட ஒரு குழு பெயரளவில் மேலே இருக்க, சம்பளம் பெறும் பயிற்சி இயக்குநர் ஒருவர் நடைமுறையில் எல்லாவற்றையும் நடத்துவார். கோடையின் தொடக்கத்தில் தேர்வு நடக்கும். தேர்வான பிள்ளையின் பெற்றோருக்கு அழைப்பு வரும். ஓரிரு நாட்களுக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும், கட்டிய முன்பணம் எக்காரணத்துக்காகவும் திரும்பாது. அதற்குப் பின் மாதத் தவணையாகப் பயிற்சிக் கட்டணம், உள்ளூருக்கு ஒன்றும் வெளியூருக்கு ஒன்றுமாகச் சீருடைகள், லீக் பதிவு, நடுவர் ஊதியம், குளிர்காலத்தில் உள்ளரங்க வாடகை, ஒவ்வொரு போட்டித் தொடருக்கும் நுழைவுக் கட்டணம் என்று பட்டியல் நீளும். வெளியூர்ப் போட்டிக்குப் பயிற்றுநர் வரும்போது அவருடைய பயணச் செலவையும் தங்கும் செலவையும் அணியிலுள்ள குடும்பங்கள் பங்கிட்டுக் கொள்வது வழக்கம். மேல்நிலை அணிகளில் கிளப்புக்குக் கட்டுவது மட்டுமே ஆண்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் என்று போகும். பயணத்தையும் சேர்த்தால் அதன் இருமடங்கும் ஆகலாம். கட்ட முடியாதவர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும், அதைப் பெற வருமான வரிப் படிவங்களைக் கிளப்பிடம் கொடுத்துத் தங்கள் வறுமையை நிரூபிக்க வேண்டியிருப்பதால், பல குடும்பங்கள் கேட்காமலே ஒதுங்கிவிடுகின்றன. அந்த ஒதுங்கல் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

போட்டித் தொடர்கள் தனியொரு தொழிலாகவே வளர்ந்தன. டல்லாஸ் கோப்பை 1980இலும், சான் டியேகோவின் சர்ஃப் கோப்பை 1981இலும், மினசோட்டாவின் யுஎஸ்ஏ கோப்பை 1985இலும் தொடங்கின. வெளிநாட்டு அணிகளோடு மோதும் அரிய வாய்ப்பைப் பிள்ளைகளுக்கு அளித்த இத்தகைய தொடர்களின் வெற்றியைக் கண்ட ஊர்களும் விடுதிகளும், இளையோர் விளையாட்டைச் சுற்றுலா வருவாயாகப் பார்க்கத் தொடங்கின. தொடர் நடத்துவோர் குறிப்பிடும் விடுதிகளில் அறை எடுத்தால் மட்டுமே அணி ஆடலாம் என்ற நிபந்தனை பல தொடர்களில் புகுந்தது. ஊரில் உறவினர் வீடு இருந்தாலும் அங்கு தங்கிச் செலவைக் குறைக்கும் வழி அதனால் அடைபட்டது. ஆஸ்பென் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, விளையாடும் பிள்ளை ஒன்றுக்கு ஒரு விளையாட்டிற்காகக் குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 693 டாலர் செலவிட்டன. அதில் மிகப் பெரிய பங்கு பயணத்துக்கானது. பூங்கா லீக்கில் ஆடும் பிள்ளையும் பயண அணியில் ஆடும் பிள்ளையும் ஒரே சராசரிக்குள் அடங்குவதால், உச்சியில் இருக்கும் செலவை இந்த எண் மறைக்கிறது என்பதையும் கருத வேண்டும்.

இவ்வளவு கொடுத்தும் பெற்றோர் தொடர்வதற்குக் கல்லூரி உதவித்தொகை மீதான நம்பிக்கை முதன்மைக் காரணம். கல்வியில் பால் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டின் 'டைட்டில் நைன்' சட்டம், பெண்களுக்கும் அணிகள் அமைக்கக் கல்லூரிகளைக் கடமைப்படுத்தியது. 1982இல் பெண்களுக்கான தேசியக் கல்லூரிச் சாம்பியன் போட்டி தொடங்கியது. சிறுமியர் கிளப்புகளை நோக்கித் திரண்டார்கள். அமெரிக்கப் பெண்கள் கால்பந்தின் பெருமைக்கெல்லாம் அடிப்படையான இந்தச் சட்டம், கிளப்புகளுக்கு விற்பனைக்குரிய ஒரு கனவையும் தந்துவிட்டது. அந்தக் கனவின் கணக்கு மிகவும் இறுக்கமானது. முதல் நிலைக் கல்லூரி அணி ஒன்றுக்குப் பல ஆண்டுகளாக அனுமதிக்கப்பட்ட உதவித்தொகைகள் ஆண்களுக்கு 9.9, பெண்களுக்கு 14. இருபத்தைந்து பேருக்கு மேற்பட்ட ஓர் அணியில் இவற்றைத் துண்டு துண்டாகப் பகிர்ந்து கொடுப்பதே வழக்கமாக இருந்ததால், முழு உதவித்தொகை பெற்றவர்கள் மிகச் சிலரே. ஆண்டுக்கு 3,000 டாலர் வீதம் எட்டாண்டு கட்டிய குடும்பம் 24,000 டாலரைக் கொடுத்து முடித்திருக்கும். அந்தத் தொகையை வங்கியில் போட்டிருந்தாலே கல்லூரிக் கட்டணத்தின் ஒரு பகுதிக்கு ஆகியிருக்கும் என்ற உண்மையைப் பெற்றோரிடம் சொல்ல யாருக்கும் ஆதாயம் இல்லை.

பணம் இல்லாத குடும்பத்தின் நிலையை கிளின்ட் டெம்ப்சியின் இளமை காட்டுகிறது. அமெரிக்க ஆண்கள் அணிக்காக 57 கோல்கள் அடித்து, லாண்டன் டோனவனுடன் அந்த வரிசையின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் அவர். டெக்சஸ் மாநிலத்தின் நாகடோசஸ் என்ற சிற்றூரில் நடமாடும் வீடொன்றில் வளர்ந்த அவர், ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகளின் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் ஆடித் தம் ஆட்டத்தை வளர்த்துக்கொண்டார். டல்லாஸ் டெக்சன்ஸ் கிளப் அவரைத் தேர்ந்தெடுத்தபோது, ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரக் கார்ப் பயணம் மேற்கொண்டு பெற்றோர் அவரை டல்லாஸுக்கு அழைத்துச் சென்றார்கள். டென்னிஸில் முன்னேறிக்கொண்டிருந்த அக்காளின் செலவையும் சேர்த்துச் சமாளிக்க முடியாத நிலையில் அவர் கிளப்பிலிருந்து விலக நேர்ந்தது. 1995இல் அந்த அக்காள் மூளை இரத்தக்குழாய் வெடித்து இறந்தார். சக வீரர்களின் பெற்றோர் செலவில் கைகொடுத்ததால் டெம்ப்சி தொடர்ந்து ஆடினார். நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரைக் காத்தது அந்தப் பெற்றோரின் இரக்கமே; எந்த அமைப்பும் அந்த வேலையைச் செய்யவில்லை. நாகடோசஸ் போன்ற ஊர்களில் அத்தகைய இரக்கம் கிடைக்காமல் போனவர்களைப் பற்றிய ஏடு எதுவும் இல்லை.

குடும்பத்தின் பணத்துக்கு மாற்றாக ஒரு வழியை உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபா 2001இல் வகுத்திருந்தது. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறும்போது கைமாறும் தொகையில் ஐந்து விழுக்காட்டை, 12 வயது முதல் 23 வயது வரை அவருக்குப் பயிற்சி தந்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது அதன் ஒரு கூறு; இளம் வீரரின் பயிற்சிக்கு ஆன செலவை ஈடுகட்டுவது மற்றொன்று. ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகப் பயிற்சி தருவது எதிர்கால வருவாய்க்கான முதலீடாக அமைய இது இடம் கொடுத்தது. அமெரிக்கக் கூட்டமைப்போ, ஏகபோகத் தடைச் சட்டங்களையும் மேஜர் லீக் சாக்கர் என்னும் தொழில்முறை லீக் மீது வீரர்கள் தொடுத்த வழக்கையும் காரணம் காட்டி இவ்விதிகளை நடைமுறைப்படுத்த மறுத்தது. டிஆண்ட்ரே யெட்லின் 2014இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்புடன் ஒப்பந்தமானபோது, வாஷிங்டன் மாநிலத்தில் அவரை வளர்த்த கிராஸ்ஃபயர் பிரீமியர் கிளப் தன் பங்கைக் கேட்டு ஃபிஃபாவிடம் முறையிட்டது. 2019இல் மேஜர் லீக் சாக்கரே தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, தன் இளம் வீரர்களுக்காக இத்தொகைகளைக் கேட்டுப் பெறப்போவதாக அறிவித்தது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் கிளப்புகளுக்கு வந்திருக்க வேண்டிய பணத்தின் இடத்தில் பெற்றோரின் கட்டணமே நின்றது.

இதற்கிடையில் 2007இல் கூட்டமைப்பு தொடங்கிய மேம்பாட்டு அகாடமி என்ற தேசிய லீக், பயிற்சியின் தரத்தை உயர்த்திய அதே வேளையில் நெடுந்தூரப் பயணங்களையும் கூட்டியது. 2012 முதல் பத்து மாதப் பருவத்தைக் கட்டாயமாக்கி, அகாடமி வீரர்கள் தங்கள் பள்ளி அணிக்கு ஆடக்கூடாது என்றும் விதித்தது. குறைந்த செலவில் மிஞ்சியிருந்த ஒரே கதவையும் திறமையாளருக்கு அது சாத்தியது. 2017 அக்டோபர் 10 அன்று டிரினிடாட் தீவின் கூவாவில் 2-1 எனத் தோற்று அமெரிக்க ஆண்கள் உலகக் கோப்பைத் தகுதியை இழந்தபோது, கட்டண முறை மீதான கோபம் பொதுவெளியில் வெடித்தது. தாம் இன்று சிறுமியாக இருந்திருந்தால் தம் குடும்பத்தால் செலவைத் தாங்கியிருக்க முடியாது என்று பெண்கள் அணியின் முன்னாள் கோல்காப்பாளர் ஹோப் சோலோ மறு ஆண்டு பகிரங்கமாகக் கூறினார்.

பெருந்தொற்றின் நிதி நெருக்கடியில் 2020 ஏப்ரலில் மேம்பாட்டு அகாடமி மூடப்பட்டதும், ஆண் பிள்ளைகளின் உச்ச நிலையைத் தொழில்முறை லீக் எடுத்துக்கொண்டது. அதன் கிளப்புகள் நடத்தும் அகாடமிகள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. பிலடெல்பியா யூனியன் தன் அகாடமியில் வளர்ந்த பிரெண்டன் ஆரன்சனை ஆஸ்திரியாவுக்கும் மார்க் மெக்கென்சியை பெல்ஜியத்துக்கும் அடுத்தடுத்து அனுப்பி ஈட்டிய பணம், இலவசப் பயிற்சி கட்டுபடியாகும் என்பதைக் காட்டியது. ஆயினும் இவை ஏறத்தாழ முப்பது நகரங்களில், ஒப்பீட்டளவில் மிகச் சில பையன்களுக்கே எட்டும் இடங்கள். சிறுமியருக்கு அத்தகைய வலை எதுவும் விரிக்கப்படவில்லை: அவர்களுக்கான மேம்பாட்டு அகாடமி 2017இல் தொடங்கி மூன்றாண்டுகூட முழுமையாக நிலைக்காமல் மறைந்தது, 2009 முதல் இயங்கும் ஈசிஎன்எல் போன்ற, குடும்பங்களின் கட்டணத்தில் நடக்கும் கிளப் லீக்குகளே அவர்களுடைய முதன்மைப் பாதையாகத் தொடர்கின்றன. 1991, 1999, 2015, 2019 என நான்கு முறை பெண்கள் உலகக் கோப்பையை அமெரிக்காவுக்கு வென்று தந்த வீராங்கனைகளில் மிகப் பலரின் பதின்பருவப் பயிற்சிக்கான செலவு, அவர்களுடைய பெற்றோர் மாதந்தோறும் எழுதிக் கொடுத்த காசோலைகளிலிருந்தே வந்தது; அதைத் திருப்பித் தரும் கடமை எந்த அமைப்புக்கும் விதிக்கப்படவில்லை.